கணப்புக்குக் காற்று எங்கிருந்து வருகிறது?

மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு “என்ன குளிர்!” என்று முணுமுணுக்கும் நமக்கு, வெப்பநிலைமானி சுழியத்துக்கு இருபது பாகை கீழே இறங்கி நிற்கும் ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்பது எளிதில் புலப்படாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் நியூ இங்கிலாந்து என்று ஒரு வட்டாரம் உண்டு. மெய்ன், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மசாசூசெட்ஸ் முதலான ஆறு மாநிலங்கள் அதில் அடங்கும். அதன் வடபகுதிச் சிற்றூர்களில் மாதக்கணக்கில் பனி தரையை மூடிக் கிடக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே அரை மைல், ஒரு மைல் இடைவெளி இருப்பது அங்கே வியப்பன்று. நகரங்களுக்குப் போகும் இயற்கை வாயுக் குழாய்கள் இவ்வூர்களில் பெரும்பாலானவற்றை எட்டிப் பார்ப்பதில்லை. விறகு, எண்ணெய், மின்சாரம், அல்லது லாரியில் கொண்டுவந்து வீட்டுத் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போகும் புரொப்பேன் வாயு ஆகிய இவற்றைக் கொண்டுதான் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்காரர் ஒருவர், கூடத்தில் புரொப்பேனால் எரியும் கணப்பு ஒன்றை அமைக்க எண்ணிக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் முதலில் தீயின் அழகைக் காட்டுவார். உண்மை விறகைப்போலவே தோன்றும் பீங்கான் கட்டைகளுக்கிடையே மஞ்சள் நிறத் தீநாக்குகள் ஆடும். வந்தவரோ, “இது மணிக்கு எத்தனை பி.டி.யூ. வெப்பம் தரும்?” என்று கேட்பார். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தத் தீக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? எரிந்து முடிந்த வாயு எங்கே போகிறது?

கணப்பின் முந்நூறு ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வரலாறே எனலாம். அதில் முதன்மையான இருவரும் மேற்சொன்ன நியூ இங்கிலாந்திலேயே, ஒருவர் பிறந்த ஊரிலிருந்து ஒரு நாளில் நடந்து எட்டக்கூடிய தொலைவில் மற்றவர் பிறந்தவர்கள் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

பாஸ்டன்காரரின் இரும்புப் பெட்டி

பழைய கணப்பு என்பது சுவரில் குடைந்த ஒரு பெரிய மாடம். அதன்மேல் அகன்ற புகைபோக்கி. அதில் விறகை அடுக்கி எரித்தால் அறை முழுதும் சூடாகிவிடும் என்று நாம் நினைப்போம். நடப்பது வேறு. சூடான காற்று இலேசானது. அது புகையோடு சேர்ந்து புகைபோக்கி வழியே மேலே விரைகிறது. வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்ப, கதவிடுக்குகளின் வழியாகவும் சன்னல் இடுக்குகளின் வழியாகவும் வெளியிலிருந்து பனிக்காற்று உள்ளே பாய்கிறது. தீக்கு முன் உட்கார்ந்தவரின் முகம் காய்கிறது, முதுகு விறைக்கிறது. விறகிலிருந்து பிறக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறையில் தங்கினால் பெரிது. கடுங்குளிர் நாளில், தீ தரும் வெப்பத்தைவிட அது இழுத்துக் கொட்டும் குளிர் மிகுதியாகிப் போவதும் உண்டு. அதாவது கணப்பை மூட்டியதாலேயே வீட்டின் மற்ற அறைகள் முன்பைவிடக் குளிர்ந்து போகும்!

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதற்கு முன்பே, 1740களின் தொடக்கத்தில், பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் கணப்பைப் பற்றிச் சிந்தித்தார். ஒருகாலத்தில் வீட்டு வாசலிலேயே கிடைத்த விறகை நகரத்தார் வெகுதொலைவிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவரும் நிலை அப்போதே வந்துவிட்டிருந்தது. வெப்பம் வீணாவது பணம் வீணாவதுதான்.

அவருக்கு முன்பே நிக்கொலா கோஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1713இல் ஒரு நூல் எழுதியிருந்தார். கணப்பின் பின்சுவருக்குள் பள்ளங்களை அமைத்து, வெளியிலிருந்து காற்றை அவற்றின் வழியே கொண்டுவந்து, சூடாக்கி அறைக்குள் விட வேண்டும் என்பது அவர் யோசனை. பிராங்க்ளின் அதைப் படித்திருந்தார். அவர் வடித்த இரும்புக் கணப்பின் நடுவில் உட்கூடான ஒரு காற்றுப்பெட்டி இருந்தது. தரைக்கடியில் ஒரு வாய்க்கால் வழியாக வெளிக்காற்று அப்பெட்டிக்குள் நுழைந்து, தடுப்புகளுக்கிடையே வளைந்து ஏறிச் சூடாகி, பக்கத்துத் துளைகள் வழியே அறைக்குள் வந்தது. புகையோ பெட்டியின் மேல் ஏறி, பின்புறம் கீழே இறங்கி, தரையடியிலிருந்த பாதை வழியாகப் புகைபோக்கியை அடைந்தது. இதை விளக்கி அவர் ஒரு சிறு நூலை 1744இல் வெளியிட்டார். பென்சில்வேனியா ஆளுநர் தனியுரிமை தருவதாகச் சொன்னபோது அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இலண்டனில் இரும்பு வணிகர் ஒருவர் சிறு மாறுதல் செய்து, தன் பெயரில் தனியுரிமை பெற்றுக் காசு பார்த்தார் என்பதைப் பிராங்க்ளினே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. இலேசான சூட்டுப்புகையைக் கீழே இறங்கச் செய்வது இயற்கைக்கு எதிர்நீச்சல். தீ சற்றுத் தணிந்தால் போதும். புகைபோக்கி குளிர்ந்து, புகை வந்த வழியே திரும்பி அறைக்குள் புகுந்துவிடும். பின்னால் வந்தவர்கள் அந்தத் தலைகீழ்ப் பாதையை நீக்கி எளிதாக்கினார்கள். இன்று கடைகளில் ‘பிராங்க்ளின் அடுப்பு’ என்று விற்கப்படுவதில் அவருடைய பெயர் இருக்கிறதே தவிர அவருடைய காற்றுப்பெட்டி இருப்பதில்லை.

என்றாலும் அவர் விட்டுவிடவில்லை. 1785இல், எழுபத்தொன்பது வயதில், பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து, புகையும் கணப்புகளைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதைப் பெற்றவர் வியன்னா அரண்மனை மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். தாவரங்கள் ஒளியில் ஆக்சிஜனை வெளிவிடுவதைக் கண்டு சொன்னவர். புகைக்கான காரணங்கள் ஒன்பது என்று பிராங்க்ளின் எண்ணுகிறார். முதற் காரணம் எது தெரியுமா? புதிய வீடு! தச்சர் நன்றாக வேலை செய்து, கதவும் சன்னலும் இடுக்கில்லாமல் பொருந்திவிட்டால், தீக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. புகை மேலே போக மறுக்கிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்று அறிய ஓர் எளிய சோதனையும் சொல்கிறார். கதவை மூடிப் புகையவிட்டு, பிறகு புகை நிற்கும்வரை கதவை மெல்லத் திறந்துகொண்டே போக வேண்டும். எட்டடி உயரக் கதவு அரை அங்குலம் திறந்தபோது புகை நின்றால், அந்த அறைக்கு 48 சதுர அங்குலக் காற்றுவழி வேண்டும் என்பது கணக்கு. கருவி எதுவும் இல்லாமல், ஒரு கதவை வைத்துக்கொண்டு செய்யும் இச்சோதனையை நான் மிகவும் விரும்புகிறேன். இந்தக் கடிதத்தின் முதற் காரணம் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பெரும் சிக்கலாக எழப்போகிறது.

மற்றவர் பெஞ்சமின் தாம்சன். 1753இல் பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஊபர்ன் என்ற ஊரில் பிறந்தார். விடுதலைப் போரில் ஆங்கில அரசின் பக்கம் நின்றதால் நாட்டைவிட்டு ஓடினார். பவேரியாவில் பெரும் பதவி வகித்தார். ரம்போர்டு பிரபு ஆனார். ரம்போர்டு என்பது நியூ ஹாம்ப்ஷயரின் கான்கர்டு நகருக்கு முன்பிருந்த பெயர். பீரங்கிக் குழல் துளைக்கும்போது எழும் வெப்பத்தை அளந்து, வெப்பம் ஒரு பொருளன்று என்று 1798இல் வாதிட்டவர் இவரே. இலண்டனுக்கு வந்தபோது அங்கிருந்த கணப்புகளைக் கண்டு மனம் பொறுக்காமல் 1796இல் ஒரு கட்டுரை எழுதினார். திறந்த தீ அறையைச் சூடாக்குவது கதிர்வீச்சினால். ஆகவே தீயை முன்னால் கொண்டுவா, மாடத்தின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டு, புகைபோக்கியின் தொண்டையை நாலங்குலமாகக் குறுக்கு என்றார். கொத்தனாரும் சில செங்கற்களும் போதும். நூற்றுக்கணக்கான இலண்டன் வீடுகளில் இப்படி மாற்றிக் கட்டினார்கள். குறுகிய தொண்டை புகையை விட்டது. அறைக்காற்றை முன்போல் வாரிக்கொண்டு போகவில்லை.

பிராங்க்ளின் ‘காற்றை வெளியிலிருந்து கொண்டுவா’ என்றார். ரம்போர்டு ‘உள்ளிருக்கும் காற்றை வெளியே விடாதே’ என்றார். இரண்டும் ஒருசேர நிறைவேற நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன் எரிபொருள் மாற வேண்டியிருந்தது.

தக்கையைத் தள்ளிய ஆவி

1910இல் அமெரிக்கச் சுரங்கத் துறையில் வால்ட்டர் ஸ்நெல்லிங் என்ற வேதியியலறிஞர் பணியாற்றினார். புதிதாக மோட்டார் வண்டி வாங்கிய ஒருவர், ‘நான் வாங்கும் பெட்ரோலில் பாதி வீடு வருவதற்குள் ஆவியாகிப் போய்விடுகிறதே’ என்று முறையிட்டதாகச் சொல்வார்கள். ஸ்நெல்லிங் ஒரு கண்ணாடிக் குடுவையில் அந்தப் பெட்ரோலை நிரப்பித் தக்கையால் அடைத்தார். சிறிது சூடேறியதும் உள்ளிருந்து கிளம்பிய ஆவி தக்கையை வெளியே தள்ளியது. அந்த ஆவியைப் பிரித்துப் பார்த்தபோது அதில் புரொப்பேனும் பூட்டேனும் இருந்தன. இவ்வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி எஃகுக் கலத்தில் அடைக்கலாம் என்று கண்டு, 1913இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பென்சில்வேனியாவின் ஒரு பண்ணை வீட்டில் இந்த வாயு எரிந்தது. நாட்டுப்புறத்துக்குக் குழாயில்லாமல் வாயு வந்த கதை அங்கே தொடங்குகிறது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது என்பதை நினைவிற் கொண்டால், இதன் அருமை விளங்கும்.

நம் வீட்டுச் சமையல் உருளையில் உள்ளதும் இந்தக் குடும்பந்தான். ஆனால் அதில் பூட்டேனும் கலந்திருக்கிறது. குளிர்நாட்டில் பூட்டேன் பயன்படாது. அதன் கொதிநிலை ஏறத்தாழ சுழியம் செல்சியஸ். அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆவியாக மாறாமல் கலத்தின் அடியில் தண்ணீர்போலக் கிடக்கும். புரொப்பேனின் கொதிநிலை சுழியத்துக்கு 42 பாகை கீழே. ஆகவே பனி மூடிய தொட்டியிலிருந்தும் அது ஆவியாகிக் குழாயில் ஏறும். ஒரு கன அடித் திரவம் சுமார் 270 கன அடி வாயுவாக விரியும்.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பம், தொட்டிச் சுவரில் திரவம் நனைத்திருக்கும் பகுதியின் வழியாக, வெளிக்காற்றிலிருந்து வருகிறது. வெளியே குளிர் கூடக்கூடவும், தொட்டியில் திரவம் குறையக்குறையவும், வாயு சுரக்கும் வேகமும் குறையும். வாயு மிகுதியாகத் தேவைப்படும் அதே இரவில் தொட்டி குறைவாகத் தரும் என்பதே இதன் பொருள். சிறிய தொட்டியை வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவோர் இதை அறியாதவர்கள். வழக்கமாக வைக்கும் 500 காலன் தொட்டியில் 400 காலன்தான் நிரப்புவார்கள். மீதி ஐந்தில் ஒரு பங்கு, வெயிலில் திரவம் விரிவதற்கான இடம். அதை வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. தொட்டி வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், வாடகைக்குக் கொடுத்த வணிகரே அதை நிரப்பலாம். வேறொருவரிடம் விலை மலிவென்று போக முடியாது. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது.

புரொப்பேனுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். வாயுவுக்கு நாற்றமூட்டும் சட்டங்கள் ஒரு பெருந்துயரத்துக்குப் பின் வந்தவை. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில், மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து, ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். இயற்கை வாயுவாவது காற்றைவிட இலேசு. மேலே எழுந்து கலைந்து போகக்கூடும். புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் நிலவறையில் இறங்கித் தேங்கும். நியூ இங்கிலாந்தில் நிலவறை இல்லாத பழைய வீட்டைக் காண்பது அரிது. ஆதலால் கசிவை உணர்த்தும் கருவியைத் தரையை ஒட்டித்தான் பொருத்த வேண்டும்.

மூன்று வகைக் கணப்புகள்

இப்போது கடைக்குத் திரும்புவோம். அங்கே உள்ள புரொப்பேன் கணப்புகள் பல பெயர்களில் இருந்தாலும், காற்று வரும் வழியைக்கொண்டு பார்த்தால் மூன்றே வகைதான்.

முதல் வகை பழைய மாடத்தின் தம்பி. அறைக்காற்றை எடுத்துக்கொண்டு எரிந்து, சூட்டின் இலேசை மட்டுமே நம்பி, புகையை மேலே அனுப்பும். பழைய செங்கல் கணப்புக்குள் பீங்கான் கட்டைகளை வைத்து எரிப்பதும் இவ்வகையே. கண்ணுக்கு அழகு, வெப்பத்துக்குப் பயன் குறைவு. ரம்போர்டு பார்த்தால் முகம் சுளிப்பார்.

இரண்டாம் வகை புகைபோக்கியே இல்லாதது. காற்றையும் அறையிலிருந்தே எடுத்து, எரிந்த வாயுவையும் அறைக்குள்ளேயே விட்டுவிடும். வெப்பம் ஒரு துளியும் வீணாவதில்லை என்று இதை விற்பவர் சொல்வார், அது பொய்யன்று. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30,000 பி.டி.யூ. தரும் கணப்பு, அதே நேரத்தில் சுமார் 630 கிராம் புரொப்பேனை எரிக்கிறது. ஒரு புரொப்பேன் மூலக்கூறு ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு கூடி, மூன்று கரியமில வாயு மூலக்கூறுகளையும் நான்கு நீர் மூலக்கூறுகளையும் தரும் என்பது வேதியியல் மாணவர் அறிந்தது. அதன்படி 630 கிராம் எரிந்தால் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட நீராவி உண்டாகும். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்! பத்து மணி நேரத்தில் பத்து லிட்டர். அது எங்கே போகும்? குளிர்ந்த சன்னல் கண்ணாடியில் வழிந்து, சட்டத்தில் உறைந்து, சுவருக்குள் ஊறிப் பூஞ்சை பிடிக்கும்.

ஆக்சிஜன் கணக்கு இன்னும் கவலை தருவது. ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள அறையில் 75 கன மீட்டர் காற்று இருக்கும். அது இடுக்கே இல்லாத அறையானால், மேற்சொன்ன கணப்பு ஆக்சிஜன் அளவை 21 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் போதும். உண்மை வீடுகளில் இடுக்குகள் இருப்பதால் இவ்வளவு விரைவில் நடக்காது. அந்த 18 விழுக்காட்டை எட்டும்போது தீயைத் தானே அணைத்துவிடும் ஓர் உணர்வுப்பொறி இக்கணப்புகளில் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது காணுவது ஆக்சிஜன் குறைவை மட்டுமே. துளை அடைத்தோ, பீங்கான் கட்டை இடம் நகர்ந்தோ, தீ அரைகுறையாய் எரிந்து கார்பன் மோனாக்சைடு எழுந்தால், அதை அப்பொறி நேராக அறியாது. கார்பன் மோனாக்சைடு இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு உறக்கம். கனடாவிலும் கலிபோர்னியா மாநிலத்திலும் இவ்வகைக் கணப்பை வீடுகளில் வைக்க அனுமதியில்லை. அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களில் அனுமதி உண்டு. குளிர்காலம் முழுவதும் எரிய வேண்டிய வீட்டில் இதை வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மூன்றாம் வகைக்கு வருமுன் 1973ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. விலை பன்மடங்கு ஏறியது. வடநாட்டார் வீட்டின் ஒவ்வோர் இடுக்கையும் அடைக்கத் தொடங்கினர். கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் கட்டப்பட்ட ஆய்வு வீடு, காற்றுப் புகாத அளவுக்கு அடைத்துக் கட்டி, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவியோடு அமைந்தது. வீடுகள் இறுகின, எரிபொருள் மிச்சமாயிற்று. அப்போதுதான் பிராங்க்ளினின் முதற் காரணம் திரும்பி வந்தது. சமையலறை விசிறி சுழன்று காற்றை வெளியே இழுத்தால், இறுக்கமான வீட்டில் அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேறு வழியில்லை. புகைபோக்கி வழியாகவே கீழ்நோக்கி இறங்கியது. கணப்பின் புகை அதோடு சேர்ந்து அறைக்குள் வந்தது.

இதற்கு விடையாக 1980களின் பிற்பகுதியில் பரவியது மூன்றாம் வகை. இதில் தீ ஒரு கண்ணாடியால் முழுதும் அடைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய இரண்டு குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே போகின்றன. உட்குழாய் வழியே எரிந்த வாயு வெளியேறுகிறது. வெளிக்குழாய்க்கும் உட்குழாய்க்கும் இடைப்பட்ட வளையத்தின் வழியே புதுக்காற்று தீயை வந்தடைகிறது. வரும் காற்று, போகும் வாயுவின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு வருகிறது. அறைக்காற்றுக்கும் தீக்கும் தொடர்பே இல்லை. கோஷேயும் பிராங்க்ளினும் அறைக்கு வெளிக்காற்றைக் கொண்டுவந்தார்கள். இங்கே அது நேரே தீக்குப் போகிறது. பழைய செங்கல் புகைபோக்கி உள்ள வீட்டிலும் இதைப் பொருத்தலாம். வளையும் குழாய்கள் இரண்டை அதன் வழியே இறக்கி, ஒன்றைக் காற்றுக்கும் மற்றதைப் புகைக்கும் வைத்துவிடுவார்கள்.

கண்ணாடி அடைத்த கணப்புக்கும் ஒரு தீங்கு உண்டு. அந்தக் கண்ணாடி 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். தத்தி நடக்கும் குழந்தைகள் அதில் கை வைத்துப் புண்பட்ட நிகழ்ச்சிகள் பல. 2015 முதல் அமெரிக்காவில் செய்யப்படும் இவ்வகைக் கணப்புகளுக்கு முன்திரை கட்டாயமாக்கப்பட்டது. பழைய கணப்பை மலிவாக வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பனிப்புயலும் ஒரு மில்லிவோல்ட்டும்

வகையைத் தேர்ந்தபின் பி.டி.யூ. கணக்குக்கு வரலாம். பெரிதாக வாங்கினால் நல்லது என்று எண்ணுவது பொதுவான பிழை. வெளியே சுழியத்துக்குக் கீழ் 20 பாகை, உள்ளே 20 பாகை என்றால் வேறுபாடு 40. நான்கு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் அப்போது 900 வாட்டுக்குச் சற்றே மேற்பட்ட வெப்பத்தை இழக்கும். இரட்டைக் கண்ணாடியானால் அதில் பாதி. மணிக்கு 30,000 பி.டி.யூ. என்பது சுமார் 8,800 வாட். நன்றாக அடைத்த சிறு வீட்டின் ஒரு கூடத்துக்கு இது அடுப்படிச் சூடு. ஐந்து நிமிடம் எரித்து, அணைத்து, மீண்டும் எரிக்க வேண்டியிருக்கும். முதலில் சன்னலைச் சீராக்கிவிட்டுப் பிறகு கணப்பை அளவிடுவதே முறை. செலவையும் பார்க்கலாம். ஒரு காலன் புரொப்பேனில் 91,500 பி.டி.யூ. இருக்கிறது. இந்தக் கணப்பு நாளைக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 80 காலன் ஆகும். இதில் எவ்வளவு அறைக்கு வருகிறது என்பதைக் கனடாவில் பி.4.1 என்ற சோதனை முறைப்படி அளந்து, விழுக்காடாகக் கணப்பின் விவர ஏட்டில் அச்சிடுகிறார்கள். முப்பது விழுக்காடு தருவதும் உண்டு, எழுபது தருவதும் உண்டு. கடையில் அழகாகத் தெரியும் தீயைவிட இந்த எண்ணை நம்பலாம்.

இயற்கை வாயுவுக்காகச் செய்த கணப்பை அப்படியே புரொப்பேனுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கன அடிக்குப் புரொப்பேனின் வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எனவே வாயு வரும் துளை சிறிதாக இருக்க வேண்டும். மாற்றாமல் எரித்தால் புகைக்கரியும் கார்பன் மோனாக்சைடும்தான் மிஞ்சும்.

நாட்டுப்புறத்தாருக்கு உண்மையான தேர்வு மின்சாரம் நின்ற அன்று வருகிறது. 1998 சனவரியில், ஐந்தாறு நாட்கள் விட்டுவிட்டுப் பெய்த உறைமழை, கியூபெக்கிலிருந்து மெய்ன் வரை மரங்களையும் மின்கம்பிகளையும் பனிக்கட்டியால் மூடியது. கம்பங்கள் எடை தாங்காமல் வரிசையாகச் சாய்ந்தன. மெய்ன் மாநிலத்தில் ஏறத்தாழ பாதிப்பேர் மின்சாரமில்லாமல் இருந்தனர். சிற்றூர்களில் இரண்டு வாரத்துக்கு மேலும் இருள் நீடித்தது. கியூபெக்கில் சில இடங்களில் ஒரு மாதம் ஆயிற்று. எண்ணெய் உலைகள் நின்றன, ஏனெனில் அவற்றின் விசிறிக்கும் பொறிக்கும் மின்சாரம் வேண்டும். குளிர் தாங்காமல் மக்கள் மண்ணெண்ணெய் அடுப்புகளையும் புகைபோக்கியில்லாத வாயு அடுப்புகளையும் உள்ளே எரித்தனர். பெட்ரோல் மின்னாக்கியை நிலவறையில் வைத்து ஓட்டினர். கார்பன் மோனாக்சைடு நஞ்சேறிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் திரும்பவில்லை.

ஆகவே, “மின்சாரம் நின்றால் இது எரியுமா?” என்று கடைக்காரரைக் கேட்டே ஆக வேண்டும். எரியும் கணப்பு ஒன்று உண்டு. அதன் தத்துவம் 1821இல் சீபெக் கண்டது. இரு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். கணப்பில் எப்போதும் எரியும் சிறு சுடரொன்றில் இத்தகைய இணைப்புகள் பலவற்றைக் கோத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இணைப்பும் சில மில்லிவோல்ட்டே தந்தாலும், சேர்ந்து அரை வோல்ட் வரை தரும். வாயு வால்வைத் திறந்து வைக்க அது போதும். சுடர் அணைந்தால் மின்னோட்டம் நிற்கும். வால்வு தானே மூடிக்கொள்ளும். தீ தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்வதோடு தனக்குக் காவலாகவும் இருக்கிறது! இந்தச் சுடருக்கு மாதம் ஆறேழு காலன் வாயு செலவாகும். அதை மிச்சப்படுத்த, வேண்டும்போது மட்டும் பொறியால் சுடரேற்றும் கணப்புகள் வந்திருக்கின்றன. அவற்றை வாங்கினால் மின்கலத்தில் ஓடும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். விசிறி ஓடாத நிலையிலும் சூட்டைத் தரக்கூடிய அமைப்பா என்பதும் முக்கியம்.

இன்று மெய்ன் மாநிலத்தில் வெப்ப எக்கிகள் இலட்சத்துக்கு மேல் பொருத்தப்பட்டுவிட்டன. பல வீடுகளில் அன்றாட வெப்பம் அவற்றிலிருந்தும், கடுங்குளிர் இரவுக்கும் மின்வெட்டுக்குமான வெப்பம் புரொப்பேனிலிருந்தும் வருகிறது. கிலோவுக்கு மூன்று கிலோ கரியமில வாயுவை விடும் எரிபொருளை இப்படி அளவோடு வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

இன்னொன்று பாக்கி. இரட்டைக் குழாயின் வெளிவாய் சுவரில் எந்த உயரத்தில் அமைகிறது என்பதைப் பொருத்துபவரோடு வெளியே போய் நின்று பார்க்க வேண்டும். கோடையில் வந்து பார்ப்பவருக்குத் தரையிலிருந்து ஓரடி போதும் என்று தோன்றும். சனவரியில் கூரையிலிருந்து சரியும் பனி அங்கே நாலடி குவிந்திருக்கலாம். வாய் மூடினால் காற்று நிற்கும், தீயும் நிற்கும். அதனால் அங்குள்ளவர்கள் பனிப்புயல் ஓய்ந்த காலையில், வண்டிப் பாதையைத் துப்புரவு செய்யுமுன், மண்வாரியோடு முதலில் போய் நிற்பது அந்தச் சுவரோரம்.